அழுக்கணவனுக்கு அகதி அந்தஸ்து

இந்த வருஷம் மதுஷனின் இலையில் கடைக் கத்தரிக்காய் விழக்கூடாது. இரவிச்சந்திரன் மார்ச் மாதமே இந்தத் தீர்மானத்தை எடுத்துவிட்டார். வெளியே முழங்கால் அளவு சினோப் பனி. வளவில் மண் எங்கே இருக்கிறதென்றே தெரியாத காலம். ஆனாலும் மனிதர் தீர்மானித்துவிட்டார். அவர் ஒன்றைத் தீர்மானித்தால் பிறகு யாராலும் மாற்ற முடியாது, மனைவி ஜெகதீஸ்வரியைத் தவிர.

இலை என்றால் திவசத்து இலை. மதுஷன் அவர்களுடைய ஒரே பிள்ளை. இரண்டு வருஷத்துக்கு முன், ஓகஸ்ட் மாதம், கோட்-டெ-நெய்ஜில் பஸ்ஸுக்குக் காத்து நின்றவன் நின்ற இடத்திலேயே விழுந்தான். மூளையில் இரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். பெரிய ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருந்தது. இருந்தும் பிரயோசனப்படவில்லை. இருபத்தைந்து வயது.

விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு மஞ்சள் கோட்டு மெட்ரோ பிடித்து லொங்கேய்க்கு, தாய் தகப்பன் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். அன்றைக்கு இரவிச்சந்திரன் ஆட்டிறைச்சி காய்ச்சியிருந்தார். மதுஷனோ பதினேழு வயதிலிருந்து மச்சம் தொடாத பிள்ளை. மேசையில் எறும்பு ஊர்ந்தால் கடதாசியில் ஏற்றி வெளியே கொண்டுபோய் விடுகிறவன். அது தகப்பனுக்குப் பிடிக்காது. எட்டு வருஷமாகப் பிடிக்காது. அன்றைக்கும் அவர் வாய் சும்மா இருக்கவில்லை.

"இறைச்சி வேண்டாமெண்டால் போய்ப் புல்லைத் தின்" என்றார்.

பிள்ளை சிரித்தான். தாயின் கத்தரிக்காய்ப் பால்கறியை இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டுப் போனான். இரவிச்சந்திரன் தன் மகனோடு கதைத்த கடைசிக் கதை அந்தப் புல்லுக் கதைதான்.

இதை அவர் யாரிடமும் சொல்லி அழவில்லை. ஆண் பிள்ளை பாருங்கள், அழமாட்டார். கத்தரி நடுவார்.

விதைகூட மதுஷனுடையதுதான். அவன் இருந்த 'மூன்றரை' அறை அபார்ட்மெண்டை ஒழிக்கப் போனபோது மேசை லாச்சிக்குள் ஒரு கடித உறை கிடந்தது. மேலே பிரெஞ்சில் 'அம்மாவின் கத்தரி' என்று எழுதியிருந்தான். தாயிடம் விதை வாங்கிப் பால்கனியில் வாளி வைத்து வளர்த்திருக்கிறான், அதிலிருந்து திரும்பவும் விதை எடுத்திருக்கிறான். தகப்பனுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே பதினொரு விதை. போன வருஷத் திவசத்துக்கு அந்த உறையைத் தொட இருவருக்கும் கை வரவில்லை. கடையில் வாங்கின, ஸ்டிக்கர் ஒட்டின கத்தரிக்காய்தான் இலைக்கு வந்தது. அந்த ஸ்டிக்கர் ஒரு வருஷமாக இரவிச்சந்திரனின் தொண்டைக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது.

பதினொன்றில் ஏழு முளைத்தது. ஏழில் நாலு பிழைத்தது. ஏப்ரல் மாதம் முழுக்க அந்த நாலும் ஹோலில், வெயில் விழுகிற ஜன்னலோரம், சோபாவில் குடியிருந்தன. வீட்டுக்காரர் நிலத்தில் இருந்தார்.

"முப்பத்திரண்டு வருஷமா உங்களோடை குடும்பம் நடத்திறன். ஒரு நாளாவது என்னைக் 'குளிருதோ' எண்டு கேட்டிருப்பியளே?" என்றாள் ஜெகதீஸ்வரி.

"நீர் சுவெட்டர் போடுவீர். அதுகள் போடுமே?"

ஜூன் மாதம் நாலையும் வளவுக்குள் இறக்கினார். ஜூலையில் முதல் ஊதாப் பூ வந்தது. அன்றைக்கு அவர் வேலைக்குப் பிந்திப் போனார்.

அதற்கு ஒரு கிழமை கழித்து, ஒரு பின்னேரம். புவாண்ட்-கிளேரில் வெயர்ஹவுசில் எட்டு மணித்தியாலம் பெட்டி தூக்கிவிட்டு வந்தவர் இன்னும் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. வளவுக்குள் நின்று ஜெகதீஸ்வரி சத்தம் போட்டாள்.

"இஞ்சருங்கோ! அழுக்கணவன் வந்திட்டுது!"

இரவிச்சந்திரன் குனிந்து தன் சேட்டைப் பார்த்தார். அழுக்குத்தான்.

"உங்களையில்லை. கத்தரியைப் பாருங்கோ!"

ஓடிப்போய் இலையைத் திருப்பினார். அடிப்பக்கத்தில் எள்ளுப் பரப்பின மாதிரிப் பச்சைப் பூச்சி. பத்து, நூறு என்று எண்ணுகிற கணக்கில்லை. கொழுந்தெல்லாம் சுருண்டிருந்தது. தொட்ட கை பிசுபிசுவென்று ஒட்டியது. அந்தப் பிசினை நக்குவதற்கு எறும்பு வேறு வரிசை கட்டி ஏறிக்கொண்டிருந்தது. இந்த அழுக்கணவன் ஓடாது, பறக்காது. இருந்த இடத்தில் இருந்து சாறு குடிக்கும், குடிக்கிற கையோடு குட்டி போடும். விட்டால் இன்னும் இரண்டு கிழமையில் பூ உதிர்ந்துவிடும். திவசத்துக்கு இருந்தது முப்பத்திநாலு நாள்.

இரவிச்சந்திரன் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து நசுக்கப் போனார்.

"விடுங்கோ கையை!"

"ஏன்?"

"திவசம் முடியுமட்டும் இந்த வளவுக்கை ஒரு உயிரும் சாகக்கூடாது."

"மச்சம்தானே கூடாது? அதைத்தான் நிப்பாட்டியாச்சே!"

"மச்சம் நிப்பாட்டுறது ஊர் உலகம் முழுக்கச் செய்யிறது. இது என்ரை பிள்ளைக்கு. அவன் எறும்பை மிதிச்சிருப்பானே? அவன்ரை இலைக்கு உயிரைக் கொண்டுபோட்டுக் காய் பிடுங்குவியளோ?"

"உது பூச்சியப்பா!"

"பூச்சிக்கு உயிர் இல்லையோ?"

"இருக்கு. கத்தரிக்கும் இருக்கே!"

"அப்ப ரெண்டும் இருக்கட்டும்."

தீர்ப்பு முடிந்தது. இரவிச்சந்திரன் இந்த நாட்டுக்கு வந்து தன் அகதி வழக்குக்கு நாலு வருஷம் காத்துக்கிடந்தவர். ஐந்து தரம் தவணை போட்டார்கள். அழுக்கணவனுக்கு ஒரே நிமிஷத்தில் அந்தஸ்துக் கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த கூத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். நுளம்பு கையில் இருந்தால் அடிக்கக்கூடாது, ஊத வேண்டும். ஈ வந்தால் கதவைத் திறந்து மரியாதையாக வழியனுப்ப வேண்டும். குளியலறை மூலையில் ஒரு சிலந்தி வலை கட்டிவிட்டது. இரவிச்சந்திரன் ஒரு கிழமையாக மற்ற மூலையில் ஒடுங்கி நின்று குளித்தார்.

எதிர்த்துக் கதைக்கலாம்தான். ஆனால் எந்த வாயால் கதைப்பது? 'புல்லைத் தின்' என்று சொன்னதும் அதே வாய்தானே. ஜெகதீஸ்வரி அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் சண்டை பிடித்தாவது ஆறியிருப்பார். அவளோ ஒரு நேரச் சாப்பாட்டோடு, பிள்ளையின் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டு நடமாடினாள். அவள் எலும்பெடுத்து மெலிந்துபோனதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை.

ஆனாலும் கத்தரியையும் விட முடியாது. இரவிச்சந்திரன் யோசித்தார். கொலை நடக்க வேண்டும், தன் கையால் நடக்கக்கூடாது. வேலையிடத்தில் சாப்பாட்டு நேரம் முழுக்கப் போனில் தேடினார். நாலாம் நாள் வீட்டு வாசலுக்கு ஒரு பெட்டி வந்தது.

"உதென்ன பெட்டி?"

"பொறிவண்டு. சிவப்பு முதுகிலை கறுப்புப் பொட்டு. ஆயிரத்தைந்நூறு."

"என்னத்துக்கு?"

"சும்மா... வடிவுக்கு. வளவுக்கை பறக்கட்டுமெண்டு."

"அது என்ன சாப்பிடும்?"

இரவிச்சந்திரன் வானத்தைப் பார்த்தார்.

"மேலையோ எழுதியிருக்கு? என்ன சாப்பிடும் எண்டு கேக்கிறன்."

"...அழுக்கணவன்."

"அப்ப கொலைக்கு ஆள் பிடிச்சிருக்கிறியள்."

"அது இயற்கை, ஜெகா!"

"இயற்கை தபாலிலை வாறேல்லை."

ஆனாலும் வந்த விருந்தாளிகளைப் பெட்டிக்குள் அடைத்து வைப்பதும் பாவம் என்று அவளே திறந்துவிடச் சொன்னாள். அதுவும் உடனே, உச்சி வெயிலில். பொழுது சாயத்தான் திறக்க வேண்டும், இலையில் தண்ணீர் தெளித்துவிட்டுத் திறக்க வேண்டும் என்று பெட்டியில் பிரெஞ்சில் எழுதியிருந்தது. இரவிச்சந்திரனுடைய பிரெஞ்சு 'போன்ஜூர்', 'மெர்சி' இரண்டோடு முடிகிறது. கார்டரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற ஜெகதீஸ்வரிக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. அவள் வாசித்தாளோ இல்லையோ, வாயைத் திறக்கவில்லை.

ஆயிரத்தைந்நூறும் ஒரே எழும்பாக எழும்பி, வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டுக் கிறகரியின் ரோசாவுக்குப் போய்ச் சேர்ந்தன. கிறகரி ஓய்வுபெற்ற தபால்காரர். ரோசாதான் அவருக்குக் குடும்பம். மறுநாள் வேலிக்கு மேலால் எட்டி, நெஞ்சில் கை வைத்து, பத்துத் தரம் மெர்சி சொன்னார். இரவிச்சந்திரனும் பதிலுக்கு மெர்சி சொன்னார். வேறு சொல் தெரிந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பார்.

அந்தக் கிழமை நாலு செடியில் ஒன்று பட்டுப்போனது. இரவிச்சந்திரன் வாடின செடியைக் கையில் வைத்துக்கொண்டு புல்லில் அப்படியே குந்திவிட்டார். விதை வைத்த கையை நினைத்தார். இனி அந்தப் பிள்ளை விதை எடுத்துத் தரப்போவதில்லை. மிச்சம் மூன்றுதான். அன்றைக்கு அவர் மனைவியின் சட்டத்தை மீறுவதென்று முடிவுகட்டினார்.

சங்கதி சின்னது. ஒரு போத்தில் தண்ணீருக்கு ஏதனம் கழுவுகிற சவர்க்காரம் இரண்டு கரண்டி. பீச்சுகிற போத்திலில் விட்டுக் குலுக்கி, கராஜுக்குள் சினோ அள்ளுகிற சவலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். விடிய ஐந்து மணிக்கு, வேலைக்கு வெளிக்கிட முன், சாரத்தோடு வளவுக்குள் இறங்குவார். ஒவ்வொரு இலையாகத் திருப்பி அடிப்பக்கத்துக்குப் பீச்சுவார். பிறகு வெறும் தண்ணீர் விட்டு அலம்பித் தடயத்தை அழிப்பார். இரண்டு நாளுக்கு ஒரு தரம், விடாமல்.

பீச்சும்போது மனதுக்குள் பிள்ளையோடு கதைப்பார். "ராசா, கோவிக்காதை. இது கடைசித் தரம்." நாளையண்டைக்கும் அதைத்தான் சொல்லுவார். வெள்ளைச் சவர்க்கார நுரைக்குள் பச்சைப் பூச்சி அசையாமல் கிடக்கும். அறுபது வயது மனிதர், எத்தனையோ ஆடு உரித்தவர், அழுக்கணவனைப் பார்த்துக் கண் கலங்கி நின்றார்.

செடி தளிர்த்தது. பூ உதிராமல் நின்றது. குசினிக்குள் வேறு பிரச்சினை கிளம்பியது.

"இஞ்சருங்கோ, ஏதனம் கழுவுற சவர்க்காரம் முடிஞ்சுபோச்சு."

"போன கிழமைதானே வாங்கினது?"

"அதைத்தான் நானும் கேக்கிறன். வீட்டிலை ரெண்டு பேர். இறைச்சிச் சட்டிகூடக் கழுவிறேல்லை. என்னெண்டு முடியும்?"

"நீர் கூடப் பாவிக்கிறீராக்கும்."

"ஓம். நான்தான் எடுத்துக் குடிக்கிறன்."

அவர் போய் இரண்டு போத்தில் வாங்கி வந்தார். அந்தச் சனிக்கிழமை கிறகரி வேலியோரம் வந்து ஜெகதீஸ்வரியோடு நீளமாகக் கதைத்தார். இடையில் ஒரு கையை இரவிச்சந்திரன் பக்கம் நீட்டினார். மற்றக் கையின் விரல்களை மடக்கி மடக்கி, 'புஸ், புஸ்' என்று சத்தம் வேறு போட்டார். ஜெகதீஸ்வரி இவரைத் திரும்பிப் பார்த்தாள், கிறகரி சிரித்தார். இவரும் சிரித்து, "மெர்சி, மெர்சி" என்றார்.

"அவர் என்னவாம்?" என்று பிறகு கேட்டார்.

"ரோசா நல்லாப் பூத்திருக்காம்" என்றாள்.

இன்னொரு நாள் அவளாகவே கத்தரி இலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அழுக்கணவனைக் காணேல்லை."

"போட்டுதுகள் போலை."

"எங்கை?"

"ரொறொன்ரோவுக்கு. இஞ்சை இருக்கிற எல்லாரும் கடைசியிலை அங்கைதானே போகினம்."

ஜெகதீஸ்வரி சிரித்தாள். இரண்டு வருஷத்தில் அவள் சிரித்து அவர் கண்டது அதுதான் முதல் தரம் மாதிரி இருந்தது. அந்தச் சிரிப்பைக் களவாக வாங்கிவிட்டோமே என்று அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திவசத்தன்று விடிய அவர் போய்க் காய் பிடுங்கினார். மூன்று செடியிலும் ஐந்து கத்தரிக்காய். ஊதாவும் வெள்ளையுமாய் வரி போட்ட, கைக்கு அடக்கமான காய். ஜெகதீஸ்வரி வாங்கி, ஒவ்வொன்றாகக் கையால் துடைத்து மடியில் வைத்தாள். பிறகு கறிக்கு அரிய அரிவாளை எடுத்தாள்.

ஐயர் எட்டு மணிக்கு வந்தார். பிண்டம், எள்ளு, தண்ணீர் எல்லாம் ஒழுங்காக முடிந்தது. தகப்பன் பிள்ளைக்குச் செய்வது தலைகீழான காரியம் என்று ஐயருக்கும் தெரியும், அதனால் அவர் மந்திரத்தைத் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை. சாமியறையில் மதுஷனின் படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டார்கள். சோறு, பருப்பு, வாழைக்காய், பயித்தங்காய். ஒவ்வொன்றாக இரவிச்சந்திரன் வைத்தார். கடைசியாகக் கத்தரிக்காய்ப் பால்கறிச் சட்டியை ஜெகதீஸ்வரி நீட்டினாள். அகப்பையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன நிக்கிறியள்? வையுங்கோ."

"வைக்கேலாது, ஜெகா."

"ஏன்?"

"நான் கொண்டுபோட்டன்."

"ஆரை?"

"எல்லாத்தையும். அழுக்கணவனை. சவர்க்காரம் கரைச்சு, விடியக்காலமை, நீர் எழும்ப முதல். மூண்டு கிழமையா. ரொறொன்ரோவும் இல்லை, ஒண்டும் இல்லை. எல்லாம் நான் கொண்டது. இது உயிர் போன காய். இவன் தின்னமாட்டான். அண்டைக்கும் இவன் வேண்டாமெண்டதை முன்னாலை வைச்சன், புல்லைத் தின் எண்டன். இண்டைக்கும் அதைத்தான் செய்யிறன். நான் திருந்தேல்லை, ஜெகா."

இரண்டு வருஷமாக அழாத மனிதர் அகப்பையைப் பிடித்தபடி அழுதார். சத்தமாக, மூக்கால் ஒழுக ஒழுக அழுதார். ஐயர் மெதுவாக மணிக்கூட்டைப் பார்த்தார். அவருக்குப் பத்தரைக்கு இன்னொரு வீடு.

ஜெகதீஸ்வரி சட்டியைக் கீழே வைத்தாள்.

"அது பச்சைத் தண்ணி" என்றாள்.

"என்ன?"

"சவலுக்குப் பின்னாலை நீங்கள் ஒளிச்ச போத்திலை நான் அண்டைக்கே கண்டிட்டன். நீங்கள் வேலைக்குப் போனாப் பிறகு ஒவ்வொரு தரமும் ஊத்திப்போட்டுப் பச்சைத் தண்ணி நிரப்பி வைச்சனான். நீங்கள் அடிச்சது வெறும் தண்ணி."

"நுரைச்சுதே!"

"ரெண்டு சொட்டுப் பால் விட்டனான். உங்களுக்கு நுரை வேணுமே."

"அப்ப அதுகள்?"

"தண்ணி பட்டுக் கழண்டு விழுந்ததுகள். புல்லுக்கை ஊர்ந்து போட்டுதுகள். ஒண்டும் சாகேல்லை."

"உண்மையாவோ, ஜெகா?"

"பிள்ளையின்ரை படத்துக்கு முன்னாலை நிண்டு பொய் சொல்லுவனே?"

"பால் நல்ல விசேஷம்" என்றார் ஐயர், அவசரத்தில்.

இரவிச்சந்திரன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவரை அவள் ஆயிரம் தரம் ஏமாற்றியிருப்பாள். ஆனால் சாமியறைக்குள் நின்று அவள் பொய் சொல்லி அவர் கண்டதில்லை. சால்வையால் முகத்தைத் துடைத்தார். குனிந்து கறியை இலையில் வைத்தார். ஒரு அகப்பை. பிறகு இரண்டாம் தரமும் ஒரு அகப்பை.

"சாப்பிடு ராசா" என்றார்.

படத்தில் மதுஷன் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்புத்தான் அதுவும். ஜெகதீஸ்வரி அந்தப் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். பாவம், பெற்ற வயிறு என்று நினைத்துக்கொண்டார் இரவிச்சந்திரன்.

ஐயர் போனார். வந்த நாலைந்து சனம் சாப்பிட்டுப் போனது. கிறகரிக்கு வேலிக்கு மேலால் ஒரு கோப்பைச் சோறு போனது. பின்னேரம் இரவிச்சந்திரன் கத்தரிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. பழுக்கவென்று விட்ட ஒரு காயைத் தொட்டுப் பார்த்தார். அதில் விதை எடுத்து, பிள்ளையின் உறைக்குள்ளேயே போட்டு வைக்க வேண்டும். தன்னை இப்படிப் பேய்க்காட்டிப் பாவத்திலிருந்து காப்பாற்றின மனைவிக்கு நாளைக்கு விடியத் தேத்தண்ணி போட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் ஒரு தீர்மானம் எடுத்தார். கையில் ஒரு நுளம்பு வந்து இருந்தது. குடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அப்போது குசினி ஜன்னல் திறந்தது. உள்ளே மலை போலக் குவிந்த ஏதனத்துக்குப் பின்னாலிருந்து ஜெகதீஸ்வரியின் குரல் வந்தது.

"இஞ்சருங்கோ, சவர்க்காரம் முடிஞ்சுபோச்சு. கராஜுக்கை சவலுக்குப் பின்னாலை நிக்கிற போத்திலைக் கொண்டு வாங்கோ, அதுக்கை நீங்கள் கரைச்சது இன்னும் அரைப் போத்தில் கிடக்கும்."